"அறளை பேந்திட்டுது": வன்னியில் ஒரு முதிய தாயின் குழப்பமும் தளர்ச்சியும் மறதியும் – நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவின் முத்தையன்கட்டுக் குளத்து நீர்ப்பாசனப் பகுதியில் மகனோடும் மருமகளோடும் வாழ்ந்துவரும் 76 வயதுத் தாய் ஒருவர், வைகாசியில் ஒரு திங்கட்கிழமை வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த மூன்றாம் கிழமையில் ஒரு புதன்கிழமை காலை, ஓட்டோவில் எமது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டார். மருமகள் சொன்ன முதல் வசனத்தை அப்படியே தருகிறேன்: "டொக்டர், மாமிக்கு அறளை பேந்திட்டுது. அங்கையும் அப்பிடித்தான் சொன்னவை." முதுமையில் புத்தி தடுமாறிப்போயிற்று என்பதே அதன் பொருள். 'அங்கை' என்று அவர் குறிப்பிட்டது பத்து நாட்களுக்கு முன் காட்டிய வேறொரு வைத்தியசாலையை. அங்கு கொடுத்த துண்டில் 'மறதி நோய்' என்று எழுதி, மனநோய்க்குக் கொடுக்கும் றிஸ்பெரிடோன் 1 மில்லிகிராமை இரவில் கொடுக்கும்படி குறித்திருந்தார்கள். இரத்தப் பரிசோதனை எதுவும் செய்யப்பட்டதாகத் தெரியவில்லை.

நோயாளியும் குடும்பமும் அடையாளம் காணப்படாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த அம்மாவுக்கு மறதி நோய் இல்லை என்று காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆரம்ப நிலையில் அது இருக்கிறது என்றே இப்போது கருதுகிறேன். ஆயினும் அன்று அவரைப் படுக்கையில் கிடத்தியது வேறொன்று: உடல் நோயாலோ மருந்தாலோ திடீரென்று வரும் மனக்குழப்பம். அதைப் பழைய தலைமுறை 'சன்னி' என்று சரியாகவே பிரித்து அழைத்தது. சன்னி, தளர்ச்சி, மறதி ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும்போது, எதை முதலில் தேடுகிறோம் என்பதிலேயே நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது.

வரலாறு

கணவரையும் மூத்த மகனையும் 2009 இல் இழந்தவர். போரில் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் ஒன்றரை வருடம் இருந்து, மீள்குடியேற்றத்தின்போது இளைய மகனின் குடும்பத்தோடு தற்போதைய இடத்துக்கு வந்தவர். பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. பன்னிரண்டு வருடங்களாக நீரிழிவுக்கு மெற்போமினும், உயர் குருதியமுக்கத்துக்கு அம்லோடிபினும் எடுத்துவருகிறார். இடது காது ஷெல் விழுந்த நாளிலிருந்து கேட்பதில்லை. இரு கண்களிலும் வெண்புரை இருந்தது. ஓலைப்பெட்டி இழைப்பதில் ஊரில் பெயர் எடுத்தவர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறேன், ஏனெனில் பின்னர் அது தேவைப்படும்.

மருமகளின் கூற்றுப்படி மாமி பகலெல்லாம் தூங்குகிறார், இரவில் எழுந்து நடக்கிறார், இறந்தவர்களோடு கதைக்கிறார், இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. யானை கலைக்க வெடி கொளுத்தும் இரவுகளில், "பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுங்கோ" என்று கத்தி, கட்டிலுக்குக் கீழே புக முயன்றிருக்கிறார். ஒரு முறை அப்படி விழுந்தும் இருக்கிறார். கோயிலில் நூல் கட்டிப் பார்த்தார்கள். மாமி நித்திரை கொள்ளட்டும் என்று மருந்துக்கடையில் ஒவ்வாமைக்குக் கொடுக்கும், தூக்கம் வரவைக்கும் பிரிற்றன் குளிசை வாங்கிக் கொடுத்தார்கள். அயர்ந்துபோன ஒரு குடும்பம் கைக்கெட்டியதையெல்லாம் செய்து பார்த்திருந்தது. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, "கொஞ்ச நாளா" என்ற பதிலே திரும்பத் திரும்ப வந்தது. இந்தப் பதிலோடு வரலாற்றை முடித்திருந்தால் நானும் அதே துண்டைத்தான் எழுதியிருப்பேன். ஞாயிறு தோறும் கனடாவிலிருந்து வீடியோவில் கதைக்கும் மகள்தான் நாளைச் சரியாகச் சொன்னார். "பொங்கலுக்கு முதல் கிழமை நல்லாக் கதைச்சவ. என்ர மூண்டு பிள்ளையளின்ர பெயரையும் சொல்லி, சின்னவனுக்குக் காய்ச்சல் மாறிட்டுதோ எண்டு கேட்டவ. அடுத்த ஞாயிறு என்னையே ஆரெண்டு கேட்டா." மறதி நோய் ஒரு ஞாயிறுக்கும் மறு ஞாயிறுக்கும் இடையில் வருவதில்லை. கூட இருப்பவர் நாள்தோறும் காண்பதால் மாற்றத்தின் விளிம்பு அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கிழமைக்கு ஒரு தடவை பார்ப்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் எங்கள் மாவட்டங்களில், அந்தத் தொலைபேசி அழைப்பையும் நோய் வரலாற்றின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இதற்குப் பின் நான் தவறவிட்டதில்லை.

பரிசோதனை

படுத்திருந்தார். கூப்பிட்டால் கண் திறந்து, சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு மறுபடி மூடிக்கொண்டார். நாக்கு வறண்டிருந்தது. படுத்திருக்கையில் 146/80 ஆக இருந்த குருதியமுக்கம், தாங்கிப் பிடித்து நிறுத்தியபோது 114/68 ஆக இறங்கியது. வயிற்றைத் தொட்டபோது இடது கீழ்ப்புறத்தில் மலம் கட்டியாகத் தட்டுப்பட்டது. வெளியே போய் ஒன்பது நாட்கள் என்றார் மருமகள். கேட்கக்கூடிய ஒரே காதான வலது காது குறும்பியால் முழுதாக அடைபட்டிருந்தது. பத்து நாட்களாக எல்லோரும் அவரிடம் கேள்வி கேட்டு, பதில் வராததைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளில் எத்தனை அவர் காதுக்குள் போயிருக்கும் என்பதை யாரும் பார்க்கவில்லை.

சன்னியைக் கண்டறிய 1990 இல் அமெரிக்காவில் ஷாரன் இனோயியும் கூட்டாளிகளும் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. திடீரென்று தொடங்கி ஏறியும் இறங்கியும் வரும் மாற்றம், கவனத்தை நிலைநிறுத்த முடியாமை ஆகிய இரண்டும் இருந்து, அவற்றோடு சிந்தனைச் சிதறலோ விழிப்பு நிலை மாற்றமோ சேர்ந்தால் அது சன்னி. கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னிருந்து சொல்லச் சொல்வார்கள். ஜனவரி, பெப்ரவரி என்ற வரிசை இந்த அம்மாவின் வாழ்க்கையில் புழங்கியதே இல்லை. கிழமைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். "ஞாயிறு... சனி... வெள்ளி..." என்று வந்து, வெள்ளியிலேயே நின்று, கூரையைப் பார்த்து, "விளக்கு வைக்கவேணும், வெள்ளிக்கிழமை" என்றார். மீண்டும் தொடங்கினோம், மீண்டும் வெள்ளியில் நின்றார். மகள் சொன்ன வரலாறு, இந்தச் சோதனை, மருமகள் விவரித்த ஏற்ற இறக்கம், மங்கிய விழிப்பு எல்லாம் சேர்ந்து சன்னியை உறுதிப்படுத்தின. அதிலும் இது ஆரவாரமில்லாத வகை. பகலில் அடங்கிக் கிடப்பவரை வாட்டில் யாரும் தேடிப் போவதில்லை என்பதால், கத்திக் குழறுவோரைவிட இவர்களே அதிகம் தவறவிடப்படுகிறார்கள்.

அன்று மாலை வந்த முடிவில் சோடியம் 119, பொற்றாசியம் 3.1. சோடியத்தின் சாதாரண அளவு 135 இற்கு மேல்.

குளிசைகளின் சங்கிலி

கிளினிக் கொப்பியை எடுத்து ஒரு வருடத்தைப் பின்னோக்கிப் படித்தேன். இந்த நிகழ்வின் மையம் அதற்குள்தான் இருந்தது.

தை மாதத்தில் அமுக்கம் குறையவில்லை என்று அம்லோடிபின் 5 இலிருந்து 10 மில்லிகிராமுக்கு உயர்த்தப்பட்டது. பங்குனியில் கால் வீக்கம் என்று எழுதியிருந்தது. அம்லோடிபின் கூடினால் கால் வீங்கும். அது எல்லோரும் படித்த விடயம். ஆனால் வீக்கத்தைப் புதிய நோயாக எடுத்து, பொங்கலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன், நீர் இறக்கும் குளிசையான ஹைட்றோகுளோறோதயசைட் சேர்க்கப்பட்டிருந்தது. முதியவர்களில், சிறப்பாக மெலிந்த பெண்களில், இந்தக் குளிசை சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கக்கூடும். தொடங்கிய சில கிழமைகளுக்குள் அது நிகழ்வதே வழமை. சோளகக் காற்றில் நிலம் வெடிக்கும் காலம், உணவு குறைந்திருந்த உடம்பு, இவற்றோடு இந்தக் குளிசை. கொப்பியில் அதைச் சேர்த்த கையெழுத்து என்னுடையது. அன்று கிளினிக்கில் நின்ற நீண்ட வரிசை காரணமாகலாம். அந்த அம்மாவுக்கு அது ஆறுதலாகாது.

இரண்டாவது சங்கிலி இன்னும் பழையது. உள்ளங்கால் எரிவு என்று கடந்த வருடமே சொல்லியிருக்கிறார். நீரிழிவு நரம்புப் பாதிப்பு என்று கருதி அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம் தொடங்கி, பின் 25 ஆக்கியிருந்தார்கள். ஆனால் மெற்போமினை நெடுங்காலம் எடுப்போரில் விற்றமின் பீ12 குறையக்கூடும். அந்தக் குறைபாடும் காலெரிவையும் நினைவுத் தடுமாற்றத்தையும் தரும். வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவு மூன்று கிழமை கழித்து 138 என்று வந்தது. 200 இற்குக் கீழ் என்றால் குறைபாடு. அமிற்றிப்ரிலினோ மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசற்றைல்கோலினின் வேலையைத் தடுப்பது, மலத்தைக் கட்டுவது, எழுந்து நிற்கையில் அமுக்கத்தை இறக்குவது. பிரிற்றனும் அதே தடையைச் செய்வதுதான். மேலே றிஸ்பெரிடோன். ஒரு குளிசையின் பக்க விளைவுக்கு இன்னொரு குளிசை, அதன் விளைவுக்கு மற்றொன்று என்று போய், கடைசியில் அந்தச் சங்கிலிக்கே 'மறதி நோய்' என்று பெயர் வைக்கப்பட்டிருந்தது.

ஒன்பது நாட்கள்

ஹைட்றோகுளோறோதயசைட், அமிற்றிப்ரிலின், பிரிற்றன், றிஸ்பெரிடோன் ஆகிய நான்கும் நிறுத்தப்பட்டன. அம்லோடிபின் 5 ஆகக் குறைக்கப்பட்டது. சோடியத்தை விரைந்து உயர்த்தினால் மூளைத் தண்டின் நரம்புறை சிதைந்து மீளாத பாதிப்பு வரும். எனவே 24 மணித்தியாலத்தில் 8 அலகுக்கு மேல் ஏறாதபடி ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பார்த்தோம். முதல் நாள் 125, நான்காம் நாள் 131, ஒன்பதாம் நாள் 136. மலம் வெளியேற்றப்பட்டது. காதுக் குறும்பி எண்ணெய் விட்டு இளக்கி எடுக்கப்பட்டது. விழுந்திருந்தார் என்பதால் இரண்டாம் நாள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பித் தலைக்கு சீ.ரி. படம் எடுத்தோம், இரத்தக் கசிவு இல்லை, சிறு குழாய்கள் சார்ந்த பழைய மாற்றங்களும் ஓரளவு சுருக்கமும் இருந்தன.

வாட்டில் செய்த மற்றவை சாதாரணமானவை. யன்னலோரக் கட்டில், பகலில் எழுப்பி இருத்துதல், இரவில் ஊசி மருந்து தவிர்த்தல், எப்போதும் வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருத்தல். சன்னி வராமல் தடுப்பதில் மருந்தைவிட உறுதியான சான்றுள்ளவை இத்தகைய வழிகளே. மூன்றாம் இரவு முதற்தடவையாகத் தொடர்ந்து உறங்கினார். ஆறாம் நாள் மருமகளைப் பார்த்து, "பிள்ளை, நீ சாப்பிட்டனியே?" என்று கேட்டார். மருமகள் வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

ஒன்பதாம் நாள் கிழமைகளை ஞாயிறிலிருந்து திங்கள் வரை தடையின்றித் திருப்பிச் சொன்னார். இன்றைய திகதி தெரியாது என்றார். பொங்கல் முடிந்து எவ்வளவு காலம் என்று கேட்டேன். "மூண்டு திங்கள் போட்டுது, பிள்ளை." அவர் எண்ணியது திங்கட்கிழமைகளை. சரியாகவே இருந்தது. அடுத்து, வழமையான கேள்வியாக, "வீடு எங்கை, அம்மா?" என்று கேட்டேன். அவர் சொன்னது இப்போது குடியிருக்கும் ஊரையல்ல. உறுதிக் காணி இன்னும் கைக்கு வராமல் இருக்கும் கரையோரக் கிராமத்தின் பெயரை. முதல் நாள் சேர்த்தபோதும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார். தாதியின் குறிப்பில் 'இடம் தெரியவில்லை' என்று பதிவாகியிருந்தது. "இப்ப இருக்கிற இடம்?" என்று திருப்பிக் கேட்டதும், "அது தம்பியவை தந்த வீட்டுத்திட்ட வீடு, முத்தையன்கட்டிலை" என்றார். தன் வீட்டையும் தான் இருக்கும் வீட்டையும் தெளிவாகப் பிரித்தறிந்த ஒருவருக்கு நாங்கள் ஒரு புள்ளியைக் குறைத்திருந்தோம்.

1975 இல் வெளியான முப்பது புள்ளி மனநிலைச் சோதனையில் பருவகாலம் என்ன, எத்தனையாம் மாடி, ஒரு வசனம் எழுதுங்கள், இந்த ஐங்கோணங்களைப் பார்த்து வரையுங்கள் என்றெல்லாம் வரும். மாரியும் கோடையும் அறிந்த, மாடி ஏறியிராத, இரண்டாம் வகுப்புக்குப் பின் பென்சில் பிடிக்காத ஒருவரிடம் அது எதை அளக்கிறது? கல்வியையே அளக்கிறது. வறிய நாடுகளில் மறதி நோயை ஆராயும் 10/66 குழு இதை நன்கு அறிந்தே படிப்பறிவைச் சாராத முறைகளை உருவாக்கியது. மறதி நோயாளரில் 66 வீதத்தினர் வளர்முக நாடுகளில் இருந்தும், சமூக மட்ட ஆய்வுகளில் பத்து வீதத்துக்கும் குறைவானவையே அங்கு நடந்தன என்பதே அந்தப் பெயரின் பொருள். அவர்களின் ஆய்வுக் களங்களில் சென்னையும் வேலூர்ச் சிற்றூர்களும் இருந்தன. 2008 இல் வந்த முடிவுகளில், அமெரிக்க உளமருத்துவ வரைவிலக்கணத்தின்படி இந்தியக் களங்களில் நூறு முதியவரில் ஒருவருக்கும் குறைவாகவே மறதி நோய் காணப்பட்டது. குழுவின் சொந்த முறையில் அதைவிடப் பல மடங்கு. வேறுபாட்டுக்கான காரணங்களில் ஒன்று எங்கள் வீடுகளிலும் அப்படியே உண்டு. அன்றாட வேலை கெட்டுப்போனதாக வீட்டார் சொன்னால்தான் அந்த வரைவிலக்கணம் நிறைவேறும்; வயதானவர் வேலை செய்யாதிருப்பதை வீட்டார் குறையாகக் காண்பதில்லை.

தளர்ச்சியை அளத்தல்

வீடு திரும்புமுன் அளந்தவை: நிறை 38 கிலோ. கொப்பியின்படி ஒரு வருடத்துக்கு முன் 44. கைப்பிடி வலு 11 கிலோ; ஆசிய நாடுகளுக்கான 2019 வழிகாட்டலில் பெண்களுக்கு 18 இற்குக் கீழ் குறைவு. நான்கு மீற்றரை நடக்க எட்டு விநாடி. கெண்டைக்கால் சுற்றளவு 27 சென்ரிமீற்றர். 33 இற்குக் கீழ் என்றால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். 2001 இல் லிண்டா ஃபிரைட் வகுத்த ஐந்து அடையாளங்களான நிறையிழப்பு, களைப்பு, வலுக்குறைந்த கைப்பிடி, மெதுநடை, குறைந்த நடமாட்டம் என்பவற்றில் மூன்று இருந்தாலே தளர்ச்சி. இவருக்கு ஐந்தும் இருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நோய்ப்படுக்கையில் அளந்ததை வைத்து ஒருவரின் நிரந்தர நிலையைத் தீர்மானிக்கக்கூடாது. கனடாவின் கென்னத் றொக்வுட் 2005 இல் தந்து, பின்னர் ஒன்பது படிகளாக விரிக்கப்பட்ட மருத்துவத் தளர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்தும்போது நோய் வருவதற்கு இரண்டு கிழமை முன்னிருந்த நிலையைக் கேட்டே மதிப்பிட வேண்டும். அப்படிக் கேட்டால் இவர் ஒன்பதில் ஐந்து: கிணற்றடிக்குத் தானே போவார், சமையலுக்கும் சந்தைக்கும் உதவி வேண்டும். படுக்கையில் கண்டபடி என்றால் ஏழு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான தூரத்தில்தான் மருத்துவம் செய்ய இடமிருந்தது.

தளர்ச்சி மறதிக்கு அயலில் நிற்கும் தனி நோயல்ல. சிக்காகோவில் இறந்த முதியவர்களின் மூளைகளையும் அவர்களின் வாழ்நாள் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வொன்று 2019 இல் வந்தது. மூளையில் அல்சைமர் மாற்றங்கள் குறைவாக இருந்தும் உடல் தளர்ந்தவர்களுக்கு மறதி நோய் வெளிப்பட்டிருந்தது. மாற்றங்கள் மிகுந்திருந்தும் உடல் உறுதியாக இருந்த சிலர் தப்பியிருந்தார்கள். அந்த முடிவு எங்கள் வேலையின் திசையை மாற்ற வேண்டியது என்று நம்புகிறேன். மூளைப் படிவுக்கு முல்லைத்தீவில் நான் செய்யக்கூடியது ஏதுமில்லை. கைப்பிடி வலுவுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். மலசலகூடம் பின்வளவில், இரண்டு உயரமான படிகளோடு, இரவில் வெளிச்சமில்லாமல் இருந்தது. மகன் ஒரே நாளில் கம்பி நட்டு, மின்குமிழ் போட்டார். பல் இல்லாததால் கஞ்சியும் தேநீருமாகவே இருந்த உணவில் முட்டை, உழுத்தங்களி, அவித்து மசித்த பயறு, இடித்த நெத்தலிக் கருவாடு சேர்ந்தன. உடற்பயிற்சி என்று சொன்னால் சிரித்தார். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது, ஐந்து தடவை, சாப்பாட்டுக்கு முன் மூன்று வேளையும் என்றதும் ஒப்புக்கொண்டார். பேத்தி எண்ணுவாள். பீ12 ஊசி ஏற்றினோம். நான்காம் மாதம் ஒரு கண்ணில் வெண்புரைச் சத்திர சிகிச்சை நடந்தது. லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் பட்டியலிட்ட, மறதி நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ மாற்றக்கூடிய பதினான்கு காரணிகளில் குறைந்த கல்வி, கேள்விக் குறைவு, பார்வைக் குறைவு, உயர் அமுக்கம், நீரிழிவு ஆகிய ஐந்து இவரிடம் இருந்தன. முதலாவதற்குக் காலம் கடந்துவிட்டது. மற்ற நான்கிலும் ஏதாவது செய்ய முடிந்தது.

ஆறு மாதத்தின் பின்

நிறை 41 கிலோ. கைப்பிடி 14. நான்கு மீற்றருக்கு ஐந்தரை விநாடி. யானை வெடிக்கு இப்போதும் விழித்து எழுகிறார். ஆனால் அது வெடி என்று தெரிந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் படுக்கிறார். அந்த அச்சம் சன்னியால் வந்ததல்ல, சன்னி அதை வெளியே கொண்டுவந்தது. உளநல உத்தியோகத்தர் மாதம் ஒரு முறை வந்து அவரோடு கதைக்கிறார்.

சன்னி முற்றாக நீங்கிய பின்னரே நினைவைச் சோதித்தேன். தேங்காய், குடை, மாடு என்று மூன்று சொற்கள் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது ஒன்றே வந்தது. மருமகளிடம், "மாமிக்கு முன்னையைவிட ஏதும் குறைஞ்சிருக்கோ?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்லை, நாங்கள்தானே எல்லாம் செய்யிறம்" என்றார். அந்தப் பதிலில் அன்பு இருந்தது, தகவல் இருக்கவில்லை. கேள்வியை மாற்றினேன். கடைசியாகத் தனியே ஒட்டுசுட்டான் கோயிலுக்குப் போனது எப்போது? இரண்டு வருடம் முன். திரும்பி வரும்போது பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தைத் தவறவிட்டார். கறிக்கு உப்பு? சில நாள் இரண்டு தரம் போடுவார். சில்லறை? 500 ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று எண்ணாமல் வாங்கிக்கொள்வார். கண் தெளிந்த பின்னும் அப்படித்தான்.

பிறகு ஓலை எடுத்துவரச் சொன்னேன். அடிப்பாகம் விரல்கள் தாமாகவே ஓடி, நேர்த்தியாக விரிந்தது. மூலை மடித்துச் சுவர் எழுப்பும் இடத்தில் நின்றுவிட்டார். இரண்டு ஓலைகளை மாற்றிப் பிடித்தார்; அவிழ்த்தார்; மறுபடி அதே பிழையோடு கட்டினார். மூன்றாம் தடவை ஓலையை மடியில் வைத்து, "முந்தி இப்பிடி இல்லை, பிள்ளை" என்றார். இது ஏற்கப்பட்ட சோதனை முறையல்ல. இதற்குப் புள்ளியும் இல்லை. ஆனாலும் ஐங்கோணம் காட்டாத ஒன்றை அந்த மூலை காட்டியது. இவற்றைச் சேர்த்து, குருதிக்குழாய் மாற்றமும் அல்சைமர் மாற்றமும் கலந்த ஆரம்ப நிலை மறதி நோயாக இருக்கலாம் என்று குடும்பத்துக்குச் சொன்னேன். சன்னி வந்து போனவர்களுக்கு மறதி விரைந்து முன்னேறக்கூடும் என்பதையும், தளர்ந்த உடம்பில் சிறுநீர்க் கிருமித்தொற்றோ மூன்று நாள் மலச்சிக்கலோ கூடச் சன்னியை மறுபடி கொண்டுவரலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மகன் கேட்டார்: "அப்ப அங்கை சொன்னது சரிதானே, டொக்டர்?" அந்தச் சொல்லில் உண்மை இருந்தது என்றும், ஆனால் அன்று அந்தச் சொல்லோடு வீட்டில் விட்டிருந்தால், சோடியம் இன்னும் இறங்கி, வலிப்பு வந்து, அம்மா இன்று இங்கே இருந்திருக்க மாட்டார் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில், கொடுக்கக்கூடாத நான்கு குளிசைகளின் பெயரையும், 'திடீரெனக் குழம்பினால் அன்றே சோடியம் பார்க்கவும், வலது காதைப் பார்க்கவும்' என்பதையும் தமிழில் பெரிதாக எழுதினேன். அடுத்த மாதம் வந்தபோது மருமகள் அந்தப் பக்கத்துக்கு மேல் தெளிந்த ஒட்டுநாடா ஒட்டி, கீழே தன் கையால் கனடா மகளின் தொலைபேசி இலக்கத்தையும் எழுதியிருந்தார்.